மைதா இல்லாத நான்கட்டாயும் டீச்சர் வீட்டுத் தட்டும்

1. ஆர்டர்

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பிஸ்கட்ல மைதா கூடாது, சீனி கூடாது மாஸ்டர்" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"அப்போ பிஸ்கட்டே கூடாதுன்னு சொல்லிடுங்க டீச்சர். எனக்கும் வேலை மிச்சம்" என்றேன்.

நான் சிரிப்புக்காகச் சொன்னது. டீச்சர் சிரிக்கவில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைப் பார்வையாலேயே அடக்கி வைத்திருந்தவர். அதே பார்வையை என் மேல் போட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். அண்ணாச்சிதான் எங்கள் முதலாளி. அவருடைய இரண்டு பையன்களும் டீச்சரிடம் கணக்கு படித்தவர்கள். டீச்சர் கடைக்குள் வந்தால் அவர் எழுந்து நிற்பார், பையன்களுக்குப் பதிலாகத் தானே அடி வாங்கத் தயாராக இருப்பவர் போல.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தாஜுதீன். சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். குரோம்பேட்டையில் ஒரு கடையில் டிரே கழுவ ஆரம்பித்து, பம்மலில் பன் போட்டு, இங்கே வந்து ஓவன் முன்னால் நிற்கத் தொடங்கியவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மற்றவர்களைத் திட்டுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்துவிட்டு "மாஸ்டர், கீட்டோ எப்படி, லோ கார்ப் எப்படி" என்று மாவும் சீனியும் குறைத்த பலகாரங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். வீடியோவில் வராத பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிஸ்கட் பல வருடங்களாக எங்கள் ஓவனில்தான். வெண்ணெயும் முட்டையும் அவரே கொண்டுவருவார். நாங்கள் பிசைந்து சுட்டுக் கொடுப்போம். பட்டர் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட், நான்கட்டாய் மூன்றும் உண்டு. நான்கட்டாய் எங்கள் ரம்ஜானுக்கு உரியது, ஆனால் டீச்சருக்கு என் நான்கட்டாய் இல்லாமல் இயேசு பிறக்க மாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு பழைய தீக்காயத்தில் என் கட்டைவிரல் லேசாகக் கோணியிருக்கும். நான்கட்டாயின் நடுவில் நான் அழுத்தும் குழியும் கோணலாகத்தான் விழும். அதைப் பார்த்தே எங்கள் கடைச் சரக்கு என்று ஏரியாவில் கண்டுபிடிப்பார்கள்.

"எட்வினுக்குக் கால் விரல்ல புண்ணு மாஸ்டர், ஆறவே மாட்டேங்குது" என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "டிசம்பர் நடுவுல மறுபடி டெஸ்ட். அதுக்குள்ள சுகர் இறங்கலைன்னா விரலை எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

எட்வின் சார் அவர் கணவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனிதர், ஆனால் இனிப்பு விஷயத்தில் போலீஸ் தேட வேண்டிய ஆள். போன கிறிஸ்துமஸுக்கு டீச்சர் பிஸ்கட் டின்களை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். சார் பூட்டைத் தொடவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கதவின் கீலைக் கழற்றிவிட்டார்.

"சாப்பிடாதேன்னா அவர் கேக்க மாட்டார். அதனால சாப்பிட்டாலும் சுகர் ஏறாத பிஸ்கட் வேணும். தெருவுக்குக் குடுக்குறதும் அதேதான். வீட்ல ரெண்டு வகை இருந்தா அவர் எந்த டின்ல கை விடுவார்னு எனக்குத் தெரியும்."

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "நம்ம மாஸ்டர் முடிச்சுக் குடுத்துருவாரு டீச்சர். அவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

எனக்கு அது விஷயமேதான். மைதாவுக்குப் பதில் பாதாம் மாவுதான் வழி, அதில் நான் அதுவரை ஒரு பிஸ்கட்கூடச் செய்தது கிடையாது.

2. வாய் குளிர்ந்த பிஸ்கட்

மைதா என்பது சொன்னபடி கேட்கும் பொருள். இழுத்தால் வரும், அழுத்தினால் நிற்கும். பாதாம் மாவு அப்படி இல்லை. அதில் பசை கிடையாது. முதல் பேட்ச் நான்கட்டாயை டிரேயிலிருந்து எடுத்தேன், கையில் புட்டு வந்தது. இரண்டாவது பேட்ச்சை கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினேன், யாரோ கடைக்கதவைச் சாத்தியதில் உடைந்தது.

சீனிக்குப் பதிலாக எரித்ரிடால் என்று ஒரு வெள்ளைத் தூளை டீச்சர் ஆன்லைனில் வரவழைத்திருந்தார். பார்க்கச் சீனி மாதிரியே இருக்கும், இனிப்பும் இருக்கும். ஆனால் வாயில் போட்டதும் நாக்கு ஜில்லென்று ஆகிவிடும். அண்ணாச்சி ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார்.

"என்னவே இது, இருமல் மாத்திரை மாதிரி இருக்கு?"

"சீனி இல்லாத பிஸ்கட் அண்ணாச்சி."

"சளி பிடிச்சவனுக்கு விக்கலாம்."

பசைக்காக அடுத்த பேட்ச்சில், மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல் பொடியைப் போட்டேன். பிஸ்கட் உடையாமல் நின்றது. அண்ணாச்சி சந்தோஷத்தில் ஒரு டப்பாவையே காலி செய்தார். மறுநாள் கடையை நான்தான் திறக்க வேண்டியிருந்தது. மத்தியானம் வந்த அண்ணாச்சி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, "அந்தப் பொடியை நம்ம கடைக்குள்ள இனிமே பார்க்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் வழிக்கு வந்தது இப்படித்தான். எரித்ரிடாலை மிக்ஸியில் ஓட்டி மாவாக்கி, அளவைப் பாதியாகக் குறைத்தேன். குறைந்த இனிப்புக்கு ஸ்டீவியா என்கிற சீனித் துளசிப் பொடி ஒரு சிட்டிகை. ஜில்லென்ற உணர்வை அமுக்க ஏலக்காயோடு சுக்குப் பொடி சேர்த்தேன். பிணைப்புக்கு முட்டையின் மஞ்சள் கரு. ஓவனின் மேல்பக்கச் சூட்டை நன்றாக இறக்கிவைத்தேன், பாதாம் ஓரத்தில் சீக்கிரம் கருகும். எல்லாவற்றையும்விட முக்கியம், டிரே வெளியே வந்ததும் தொடக் கூடாது. மைதா பிஸ்கட்டைச் சூட்டோடு எடுக்கலாம். பாதாம் பிஸ்கட் முழுசாக ஆறிய பிறகுதான் கெட்டியாகும். எனக்கு அதுவரை பொறுமை கிடையாது. அந்த ஒரு மாதத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன்.

நல்ல பிஸ்கட் வந்தது. அசலோடு பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அண்ணாச்சி உடனே கடை வாசலில் 'சுகர் பேஷண்ட் ஸ்பெஷல்' என்று ஒரு பெரிய போர்டு மாட்டினார்.

அந்த போர்டுதான் எல்லா வினைக்கும் காரணம். போர்டைப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் ஒருவர் விடாமல் முகத்தைச் சுளித்தார்கள். போர்டைப் பார்க்காமல் ருசி பார்த்த ஒருவர் இன்னொன்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "அதான் பாத்தேன், ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

எட்வின் சாரும் அப்படித்தான். டீச்சர் சொல்லுவார்: "ஒரு பிஸ்கட்டை எடுத்து மோந்து பாத்துட்டு, இது மாட்டுத் தீவனம் ஸ்டெல்லான்னு சொல்லிக்கிட்டே தின்னுட்டு, அந்த ஒண்ணோட நிறுத்திடுறார் மாஸ்டர். ஆனா பரவால்ல, வேற எதையும் தொடுறதில்ல. இந்த வருஷம் திருந்திட்டார்னு நினைக்கிறேன்."

3. தட்டு

ஒவ்வொரு பேட்ச்சும் எப்படி இருக்கிறது என்று தெருவின் அபிப்பிராயம் கேட்பதற்காக, டீச்சர் பக்கத்து வீடுகளுக்கு ட்ரையல் பிஸ்கட் அனுப்ப ஆரம்பித்தார். எவர்சில்வர் தட்டில் அடுக்கி, தன் கையால் பின்னிய வலைத்துணி போட்டு மூடி, வீடு வீடாகப் போகும். கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை போகிற தட்டு அந்த வருடம் நவம்பரிலிருந்தே நடமாடத் தொடங்கியது.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பிறகு போய் வாங்கிவருவது, இரண்டு வேலையையும் எட்வின் சார் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கால் வலியோட எதுக்குங்கன்னா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்ங்குறார்" என்று டீச்சர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் சாரைப் பற்றி மரியாதை கூடியது.

அந்தச் சமயத்தில் எங்கள் கடையில் நான்கட்டாய் விற்பனை திடீரென்று ஏறியது. லோ கார்ப் இல்லை, அசல். மைதா, சீனி, டால்டா, நெய் போட்ட அசல். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீரா, போர்டு வேலை செய்யுது. சுகர் பிஸ்கட்டைப் பாத்ததும் ஜனங்களுக்கு நல்ல பிஸ்கட் மேல ஆசை வந்துருக்கு" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது, ஆனால் அவர் நினைத்த உண்மை இல்லை.

4. ரிப்போர்ட்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், காலைக் கூட்டம் நிற்கும்போது டீச்சர் வந்தார். அண்ணாச்சி வழக்கம்போல எழுந்தார். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே, ஓவன் பக்கம் வந்தார்.

"மாஸ்டர், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. மைதா கலந்தியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் சொன்ன தேதி வரை பொறுக்காமல், நடுவில் ஒரு முறை லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுகர் இறங்கவில்லை. முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தது.

"வீட்ல சோறு பாதியா கொறச்சாச்சு. இட்லி இல்ல. காபில சீனி இல்ல. வெளிய ஒரு டீகூடக் குடிக்கிறதில்ல. புதுசா உள்ள போறது உன் பிஸ்கட் மட்டும்தான். அப்போ எப்படி ஏறும்? பாதாம் விலை அதிகம்னு மைதாவைத் தள்ளிட்டியா?"

நான் திருடன் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. அதுவும் பத்துப் பேர் ரொட்டி வாங்க நிற்கும்போது. முகம் சூடாகிவிட்டது, ஓவன் சூடு இல்லை.

"டீச்சர், என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல."

"சத்தியம் எல்லாம் வேணாம். அந்த விரல் போச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்தப் பார்வைக்காரரின் கண்ணில் தண்ணீர் நின்றது. திரும்பிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் போர்டைக் கழற்றினார். "மாஸ்டர், நான் உம்மைச் சந்தேகப்படல. ஆனா டீச்சர் ஒரு வார்த்தை சொன்னா இந்த ஏரியாவுல அதுதான் பேப்பர் நியூஸ். கிறிஸ்துமஸ் ஆர்டர் மொத்தமும் போயிரும்வே" என்றார். சந்தேகப்படவில்லை என்று அவர் இன்னொரு முறையும் சொன்னார். இரண்டாவது முறை சொன்னதுதான் எனக்கு வலித்தது.

அன்று நான் பிசைந்த பன் எல்லாம் கல்லாக வந்தது.

5. சரசா

சாயங்காலம் நாலு மணி வாக்கில் சரசா வந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து இங்கே வாழ வந்தவள். டீச்சர் தெருமுனையில் அன்னக்கூடை வைத்து மீன் விற்பாள். டீச்சருக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள்.

"மாஸ்டர், நான்கட்டாய் கால் கிலோ குடு. சீக்கிரம். டீச்சர் வூட்டு தட்டு கீது."

"டீச்சர் வீட்டுத் தட்டுக்கு உனக்கு எதுக்கு நான்கட்டாய்?"

"இன்னா மாஸ்டர் இப்டி கேக்குற? தட்டு நெறைய பலகாரம் குட்த்து உட்டுகிறாங்க. வெறுந்தட்டாவா திருப்பிக் குடுக்குறது? நம்மாண்ட கீறது மீனு. பலகாரத் தட்டுல மீன வெக்க முடியுமா?"

நான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டேன். "டீச்சர் குடுக்குற பிஸ்கட் எப்படி இருக்கு?"

"அத ஏன் கேக்குற. நாயிகூட மோந்து பாத்துட்டு போவுது. ஆனா பாவம், வயசான மனுசன் கால இழுத்துகினு கொணாந்து குடுக்குது. 'சரசா, எனக்கும் வீட்ல இதான்மா சோறு'ன்னு சொல்லும்போது நமக்கே ஒரு மாதிரி ஆவுது. அதான் திருப்பிக் குடுக்கும்போது நல்லதா வெச்சுக் குடுக்குறேன். நான் மட்டுமா? தெருவுல எல்லாரும்தான். எதுர் வூட்டு அம்மா ஜாங்கிரி வெச்சுது. மாடி வூட்ல பால்கோவா."

நம் ஊரில் யாரும் ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். டீச்சர் அனுப்பிய ஒவ்வொரு சர்க்கரையில்லாத தட்டும் சர்க்கரையோடு திரும்பியிருக்கிறது. ஆனால் திரும்பிய தட்டில் என்ன இருந்தது என்று டீச்சர் ஒரு நாளும் சொன்னதே இல்லையே?

"சரசா, தட்டை வாங்க யார் வருவாங்க?"

"சாருதான்."

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அவளுக்குக் கால் கிலோ கட்டிக் கொடுத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, அண்ணாச்சியிடம் சொல்லாமல் கிளம்பினேன்.

6. ஏரிக்கரை

தெருமுனையில் காத்து நின்றேன். எட்வின் சார் சரசா வீட்டிலிருந்து தட்டோடு வெளியே வந்தார். வலைத்துணி போட்டு, சாமி படத்தைத் தூக்கிப் போகிறவர் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நொண்டி நொண்டி ஏரிக்கரைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். சுகர் உள்ளவர்கள் நடப்பதற்காக அங்கே ஒரு நடைபாதை உண்டு. சார் நடக்கவில்லை, முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். துணியை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் நான்கட்டாயை ஒவ்வொன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டில் கோணல் விரல் குழியோடு ஐந்தாறு மீதி இருந்தன.

"சார்."

அவர் கண்ணைத் திறந்தார். திடுக்கிடவில்லை. ரயில் ஓட்டத்தில் எதையெல்லாமோ பார்த்தவர்.

"மாஸ்டர், தப்பா நினைக்காதே. நான் பிஸ்கட் திங்கல. தட்டைக் காலி பண்றேன். இதோட வீட்டுக்குப் போனா ஸ்டெல்லா மனசு கஷ்டப்படும்."

"என் மூஞ்சிக்கு நேரா மைதா கலந்தியான்னு கேட்டாங்க சார் இன்னைக்கு. பத்துப் பேர் முன்னாடி."

அவர் வாய் நின்றது. தட்டைப் பெஞ்சில் வைத்தார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "என் பேர் போச்சு, கடை பேர் போச்சு, அது கிடக்கட்டும். விரலை எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க? இந்தத் தட்டை யார் தூக்கிட்டு வருவா?"

சார் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செருப்பின் முன்பக்கத்தை வெட்டி, கட்டுப் போட்ட விரலுக்கு இடம் விட்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"பயமா இருக்குய்யா" என்றார். "வீட்ல பயப்படுற மாதிரி காட்ட முடியாது, அவ ஒடஞ்சு போயிடுவா. பயம் வந்தா எனக்கு எதாவது திங்கணும். தின்னா மறுபடி பயம் வருது. அவகிட்ட சொல்லிடாத மாஸ்டர். கிறிஸ்துமஸ் முடியட்டும், நானே சொல்றேன்."

சொல்லியிருந்தால் என் பெயர் அன்றைக்கே சுத்தமாகியிருக்கும். தெருவுக்குள் நுழைந்து டீச்சர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே டீச்சர் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவிட ஸ்டூலில் ஏறிக்கொண்டிருந்தார். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மாவு பிசைகிறவன் கையை நுழைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். திரும்பி நேராக சரசாவிடம் போனேன்.

7. ஒரே பிஸ்கட், ஒரே தெரு

சரசா விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தாளு கால் போவ நாமளா காரணம்? ஐயோ சாமி!"

"இனிமே தட்டுல ஒண்ணும் வெக்காதீங்க. வெறும் தட்டா குடுங்க."

"வெறுந்தட்டா? பண்டிகை நேரத்துலயா? என் தலைய எட்த்துக்கோ. அது மட்டும் என்னால ஆவாது."

தெருவில் யாராலும் ஆகாது என்று எனக்கும் தெரியும். யோசித்தேன். பிறகு சொன்னேன்: "சரி, வையுங்க. ஆனா என்கிட்ட கேட்டு வாங்கினதை மட்டும் வையுங்க."

டீச்சர் வீட்டுத் தட்டில் வைக்க என்று யார் கேட்டாலும் தருவதற்காக, பாதாம் நான்கட்டாயை அசலின் அதே அளவில், அதே கோணல் குழியோடு, மேலே ஒரு பாதி முந்திரி வைத்துச் சுட்டேன். அண்ணாச்சியிடம் முழுக்கதையும் சொன்னேன். பாதாமை மைதா விலைக்குக் கொடுப்பது என்றதும் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். கடையின் பெயர் என்று நினைவுபடுத்தியதும் கையை எடுத்தார். தெருவில் உள்ளவர்களுக்குச் சொல்லும் பொறுப்பைச் சரசா எடுத்துக்கொண்டாள். மீன் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் மீனோடு சேர்த்து ரகசியத்தையும் கட்டிக் கொடுத்தாள். மாடி வீட்டுப் பால்கோவா அன்றோடு நின்றது.

மாஸ்டர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று சார் சொன்னதால் டீச்சரும் பிஸ்கட்டை நிறுத்தவில்லை. ஆக, டீச்சர் தட்டில் என் பாதாம் பிஸ்கட் வெளியே போகும். தெருவிலிருந்து அதே தட்டில் என் பாதாம் பிஸ்கட்டே திரும்பி வரும். நடுவில் எட்வின் சார் ஏரிக்கரையில் உட்கார்ந்து அதைத் திருட்டுத்தனமாகச் சாப்பிடுவார்.

ஒரு நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனேன். சார் என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை உயர்த்திக் காட்டினார்.

"வா மாஸ்டர். திட்டுறதுன்னா திட்டிக்கோ. கொறச்சுட்டேன், நாலு மட்டும்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். இது உன் அசல் சரக்கு. மைதா, சீனி, டால்டா. இந்த ருசி உன் பாதாம் சனியன்ல வருமா?"

"வராது சார்" என்றேன்.

"அதான் தொழில். உன் கை மைதாவுக்குன்னே படைச்ச கை."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது. தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை, ஆனால் அதை வெளியே சொல்லவும் முடியாது.

டாக்டர் சொன்ன டெஸ்ட் நாள் அன்று எனக்குக் கை ஓடவில்லை. ஒரு டிரே பன்னைக் கருக்கினேன். மத்தியானம் டீச்சர் வந்தார். கடையில் பத்துப் பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்ததாகவே எனக்குத் தோன்றியது.

"மாஸ்டர்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். "சுகர் இறங்கிடுச்சு. புண்ணு காய ஆரம்பிச்சிருக்கு. விரலை எடுக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார். உன் பிஸ்கட் சுத்தமான பிஸ்கட். நான் அன்னைக்குப் பேசுனது தப்பு."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, போர்டை மறுபடி மாட்டப் போனார். நான் போய்ப் பிடுங்கி, மைதா மூட்டைக்குப் பின்னால் போட்டேன்.

8. பின்வாசல்

ஜனவரியில் பொங்கல் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எட்வின் சார் கடையின் பின்வாசலுக்கு வந்தார். செருப்பு முழுசாக இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து பேசினார்.

"தெருவுல தட்டு போறது நின்னுபோச்சு மாஸ்டர். எனக்கு அரைக் கிலோ குடு."

"எது சார், அசலா?"

"விளையாடாதே. சரசா வீட்ல இருந்து வந்துச்சே, அது."

"அதுதான் சார் அசல்."

"யோவ், அந்த லேப் ரிப்போர்ட்டுக்கு அப்புறம் ஸ்டெல்லா வாங்குன மிஷின்ல தினமும் காலைல விரல்ல குத்திப் பாக்குறவன் நான். நாலு மைதா நான்கட்டாய் தின்னா மறுநாள் மிஷின் கத்தும். டிசம்பர்ல சரசா தட்டுல வந்ததைத் தின்ன அந்த ஒரு வாரமும் அது வாயே திறக்கல. எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏரிக்கரைல என்னை அவ்வளவு பாராட்டுனது?"

"அன்னைக்கு நெசமாவே தெரியாது. மறுநாள்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் சார் ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட்டீங்க? வீட்லயே உட்கார்ந்து சாப்பிடலாமே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாஸ்டர், என்ன திங்கணும்னு ஸ்டெல்லா சொல்றா. எவ்வளவுன்னு மிஷின் சொல்லுது. எப்போ நடக்கணும்னு டாக்டர் சொல்றார். நானா பண்றதுன்னு மிச்சம் இருக்கிறது இந்தத் திருட்டு ஒண்ணுதான்யா. அதுவும் நல்லதுக்குத்தான் பண்றேன்னு வெளிய தெரிஞ்சா என் மானம் என்ன ஆவுறது? டப்பா வேணாம். பேப்பர்ல சுத்தி, பைக்கு அடியில வை. மேல ஒரு ரொட்டி போடு."

அப்படியே கட்டிக் கொடுத்தேன். கள்ளச் சரக்கு எடுத்துப் போகிறவர் போலச் சந்துக்குள் மறைந்தார்.

சாயங்காலமே டீச்சர் வந்தார். முன்வாசலுக்கு இல்லை, பின்வாசலுக்கு.

"சார் வந்தாரா?"

"இல்லையே டீச்சர்."

"பொய் சொல்லாத. ரொட்டி வாங்கப் போறேன்னு கிளம்புற மனுஷன் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா வருவார்?" குரலைத் தாழ்த்தினார். "கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் எல்லாத்தையும் சொல்லிட்டார். ஏரிக்கரை, பால்கோவா, எல்லாம். அழுதார். அது வேற கதை. இப்போ நீ குடுத்தது அந்த பாதாம் பிஸ்கட்தானே?"

"ஆமா டீச்சர்."

"அப்போ குடு. கேட்டப்பல்லாம் குடு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நியூஸ் பேப்பர்ல எண்ணெய் ஊறி, பை, ரொட்டி, அலமாரி எல்லாம் நெய் வாசனை. மனுஷன் கஷ்டப்பட்டு ஒளிச்சு வெக்கிறார், வீடே மணக்குது. தெரியாத மாதிரி நடிக்க நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த தடவை ஒழுங்கா ஒளிச்சுக் கட்டிக் குடு."

சொல்லிவிட்டு, தனக்கென்று ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

ஆகவே பிள்ளைகளே, வீடியோவில் வராதது இதுதான். பாதாம் மாவில் எண்ணெய் அதிகம், வெண்ணெயும் சேர்ந்து கசியும். எங்கள் கடையில் சுகர் பிஸ்கட்டுக்குப் போர்டு கிடையாது. வாசலில் நின்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவோம். பின்வாசலுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் உண்டு. அவர்களுக்கு முதலில் இரண்டு சுற்று பட்டர் பேப்பர், அதற்கு மேல் நியூஸ் பேப்பர், அதற்கு மேல் ஒரு ரொட்டி வைத்துக் கட்டிக் கொடுங்கள்.